நெபுலா படம் எடுக்க எந்த வழி: முக்காலியா, டிராக்கரா, தொலைநோக்கியா, ஸ்மார்ட் டெலஸ்கோப்பா?

நெபுலாவை, அதாவது விண்வெளியில் பரந்திருக்கும் வாயு, தூசி மேகத்தை, படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருவார்கள். முதல் வரியில் தொலைநோக்கி, அடுத்து கேமரா, கடைசியில் "இதையெல்லாம் நிறுத்த ஒரு ஸ்டாண்டு". இந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நானும் நேர்வரிசையில்தான் ஆரம்பித்தேன். 200 மி.மீ. விட்டமுள்ள நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) குழாயை, அதன் எடையைத் தாங்க முடியாத ஒரு மவுண்டின் (வானத்தோடு சேர்த்துக் குழாயைத் திருப்பும் தாங்கியின்) மேல் ஏற்றினேன். ஓரியன் விண்மீன்கூட்டம் வானில் இருந்த பருவம் முழுக்க எடுத்த ஃப்ரேம்களில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. லேசாகக் காற்று வீசினாலே நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டன. குழாயில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கிய வரிசைதான் தவறு.

அதற்குப் பிறகு எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இது எனக்கு ஒரு மாதத்தில் எத்தனை மணிநேர ஒளியைச் சேர்த்துத் தரும்? வானத்தைப் பார்த்து நின்ற நேரமெல்லாம் கணக்கில் வராது. கடைசியில் ஸ்டாக்கிங்கில், அதாவது ஃப்ரேம்களை ஒன்றாக அடுக்குவதில், போய்ச் சேர்ந்த, நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கும் ஃப்ரேம்களின் மொத்த நேரம் மட்டுமே கணக்கு. ஏன் இந்த அளவுகோல்? நெபுலாவின் ஒளி மிக மிக மெலிதானது. ஒரு ஃப்ரேமில் அந்த ஒளியும் இரைச்சலும் (படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் கறை) கலந்தே பதிவாகின்றன. பல ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒளி நேர்விகிதத்தில் கூடுகிறது, இரைச்சலோ வர்க்கமூல விகிதத்தில்தான் கூடுகிறது. அதனால் ஒரு மணிநேரப் படத்தைவிட இருமடங்கு தெளிவு வேண்டுமென்றால் நான்கு மணிநேரம் சேர்க்க வேண்டும். மூன்று மடங்குக்கு ஒன்பது மணிநேரம். பெரிய கருவியை வாங்கி மாதம் ஒருமுறை வெளியே எடுப்பவரைவிட, சின்னக் கருவியை வாரம் இருமுறை எடுப்பவர் நல்ல படம் கொண்டுவருவதற்கு இதுதான் காரணம்.

நெபுலா சின்னதல்ல

கருவிகளுக்குப் போகுமுன் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். தொலைவில் இருப்பதால் நெபுலா வானில் மிகச் சிறியதாகத் தெரியும், அதைப் பெரிதாக்க நீளமான தொலைநோக்கி வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். முழுநிலவின் அகலம் அரை டிகிரி. ஓரியன் நெபுலாவான எம் 42 ஏறத்தாழ ஒரு டிகிரி, அதாவது இரண்டு நிலவுகளின் அகலம். ரோசெட் நெபுலா 1.3 டிகிரி. வட அமெரிக்கா நெபுலா எனப்படும் என்ஜிசி 7000 இரண்டு டிகிரி. சிக்னஸ் விண்மீன்கூட்டத்தில் இருக்கும் வெயில் (Veil, அதாவது திரை) நெபுலா முழுவதும் சட்டகத்துக்குள் வர மூன்று டிகிரி இடம் வேண்டும். ஆறு நிலவுகளை வரிசையாக அடுக்கிய நீளம் அது. இவை கண்ணுக்குத் தெரியாமல் போவது சிறியவை என்பதால் இல்லை, மங்கலானவை என்பதால்தான்.

மறுபக்கம், மோதிர நெபுலா எம் 57 ஒன்றரை ஆர்க்நிமிடத்துக்குள் (ஒரு டிகிரியில் அறுபது ஆர்க்நிமிடம்) அடங்கிவிடும், நிலவின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. நண்டு நெபுலா எம் 1 ஆறு ஆர்க்நிமிடம். ஆக, "நெபுலா" என்ற ஒரே பெயருக்குள் நூறு மடங்குக்கு மேல் அளவு வித்தியாசம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே குழாய் என்று எதுவும் கிடையாது.

உங்கள் கேமராவில் எவ்வளவு வானம் அடங்கும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து 57.3ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் டிகிரியில் விடை வரும். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் 23.5 மி.மீ. அகலம். 135 மி.மீ. லென்ஸில் பத்து டிகிரி, 400 மி.மீ. குழாயில் 3.4 டிகிரி, 2000 மி.மீ. குழாயில் 0.67 டிகிரி. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: அந்தக் குழாயில் எம் 42கூட முழுதாக அடங்காது. வாங்குவதற்கு முன்பே ஸ்டெல்லேரியம் மென்பொருளில் உங்கள் சென்சாரையும் குவியத் தூரத்தையும் கொடுத்தால், அந்தச் சட்டகத்தை வானத்தின் மேலேயே வைத்துக் காட்டும். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் யாரும் குழாய் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேமராவும் முக்காலியும் மட்டும்

ஏற்கெனவே ஒரு கேமரா வைத்திருப்பவர் இன்று இரவே தொடங்கக்கூடிய வழி இது. பூமி சுழல்வதால் வானநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நட்சத்திரங்கள் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஆர்க்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகர்கின்றன. ஓரியனின் வாள் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது, அதனால் முழு வேகம். 50 மி.மீ. லென்ஸும் நான்கு மைக்ரான் பிக்சலும் இருந்தால் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் நகரும். குவியத் தூரத்தை வைத்து 500ஐ வகுக்கும் பழைய விதி ஏபிஎஸ்-சி சென்சாரில் இதற்கு ஏழு வினாடி வரை தருகிறது; நட்சத்திரம் நிஜமாகவே வட்டமாக வேண்டுமென்றால் அதில் பாதி போதும். 200 மி.மீ. லென்ஸில் ஒரு வினாடிகூடக் கடினம்.

எம் 42 இந்த வழியில் கிடைக்கும். இரண்டு வினாடி ஃப்ரேம்கள் 600 எடுத்தால் மொத்தம் 20 நிமிடம். நெபுலாவின் சிறகு விரிந்த வடிவமும் சிவப்பும் நீலமும் தெரியத் தொடங்கும். ஆனால் மங்கலான ரோசெட்டோ வெயிலோ இந்தக் கணக்குக்குள் வராது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் சென்சாரின் வாசிப்பு இரைச்சல் கலப்பதால், மிகக் குறுகிய ஃப்ரேம்களில் மெல்லிய ஒளி அதற்குள் மூழ்கிவிடும். என் அளவுகோலில் இதன் மதிப்பெண் குறைவு. என்றாலும் ஃபோகஸ், ரா ஃபைல், டார்க் ஃப்ரேம் (லென்ஸை மூடி எடுப்பது), ஸ்டாக்கிங் எல்லாவற்றையும் ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் பழகிக்கொள்ளலாம். இரண்டு வாரம் இங்கே பழகிவிட்டு அடுத்த முடிவை எடுப்பது நல்லது.

டிராக்கரும் லென்ஸும்

ஸ்டார் டிராக்கர் என்பது பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் கேமராவை மெதுவாகத் திருப்பும் ஒரு சின்ன மோட்டார்ப் பெட்டி. சாதாரண முக்காலியின் மேலேயே உட்காரும். அதன் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கிச் சரியாகச் சாய்த்துவிட்டால், 135 மி.மீ. லென்ஸில் ஒன்று இரண்டு நிமிட ஃப்ரேம்களைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டு வினாடியிலிருந்து 120 வினாடிக்கு ஒரே தாவல்.

எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும், அதற்குக் காரணம் எடை. கேமரா, லென்ஸ், டிராக்கர், பவர் பேங்க் எல்லாம் ஒரே முதுகுப்பையில் போய்விடும். அதனால் இருண்ட வானம் இருக்கும் இடத்துக்குக் கருவி உங்களோடு வரும். 135 மி.மீ. சட்டகத்தில் ஓரியனின் இடுப்புப்பட்டையும் குதிரைத்தலை நெபுலாவும் எம் 42ம் ஒன்றாக நிற்கும். எந்தப் பெரிய தொலைநோக்கியும் ஒரே படத்தில் தரமுடியாத காட்சி அது. ஜூம் லென்ஸைவிட நிலைக் குவிய லென்ஸ் இதற்கு ஏற்றது, அதிலும் முழுத் திறப்பில் வைக்காமல் ஒரு படி குறைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைக்காமல் இருக்கும்.

எல்லை எங்கே? டிராக்கர் ஒரே ஒரு அச்சில்தான் சுழலும். இன்னொரு அச்சில் ஏற்படும் பிழையைத் திருத்த அதற்கு வழியில்லை. எடையும் மூன்று முதல் ஐந்து கிலோவுக்குள்தான் தாங்கும். 200 மி.மீ. வரை மகிழ்ச்சியாகப் போகும்; 300 மி.மீ.யைத் தாண்டினால் தேறாத ஃப்ரேம்கள் கூடிக்கொண்டே போகும். பொருளை வானில் தேடிப் பிடிப்பதும் உங்கள் கையால்தான். "கொஞ்சம் பெரிய குழாயை இதன் மேலேயே வைத்துப் பார்க்கலாமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இணங்கினால் நான் முதலில் செய்த தவறையே வேறு உருவத்தில் செய்தவராவீர்கள்.

துருவத்தைச் சரிபார்ப்பதில் ஒரு குறிப்பு. துருவ நட்சத்திரம் சரியாக வடதுருவத்தில் இல்லை. அரை டிகிரிக்குச் சற்று மேலாகவே விலகி நிற்கிறது. அதைக் குறுக்குக் கோட்டின் நடுவில் வைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். துருவத்தைப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கியான துருவக் கண்ணாடியில் உள்ள வட்டத்தில், அந்த நேரத்துக்குரிய இடத்தில் வைக்க வேண்டும். கைபேசிச் செயலி அந்த இடத்தைக் காட்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டி, மரத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் வானத்தைப் படம் எடுத்து நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, துருவம் எங்கே என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை நம்பலாம். அது துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் வேலை செய்யும்.

சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியும் கைடிங் உள்ள மவுண்டும்

இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் நடுவழி இதுதான்.

ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று. 11 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி, ஏறத்தாழ 50 நிமிட எக்ஸ்போஷர். அவருடைய தொலைநோக்கியைப் போலவே முக்கியமானது, அதை அந்த 50 நிமிடமும் வானத்தோடு சேர்த்து நகர்த்திய கடிகாரப் பொறி. 1883இல் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் 36 அங்குல ஆடியைக் கொண்டு எடுத்த படத்தில், கண்ணால் பார்க்கும்போது தெரியாத நட்சத்திரங்களே பதிவாகியிருந்தன. அடுத்த ஆண்டு அவருக்கு ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஒளிப்படலத்தின் மேல் மணிக்கணக்கில் ஒளி விழ வைக்க முடிந்ததே இவர்களின் வெற்றி. அன்றைக்குக் கடிகாரப் பொறி செய்த வேலையைத்தான் இன்று நம் மவுண்ட் செய்கிறது.

60 முதல் 80 மி.மீ. விட்டம், 350 முதல் 480 மி.மீ. குவியத் தூரம், மூன்று நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்கும் அப்போகுரோமாட் கண்ணாடி. இந்த அளவைத்தான் முதல் தொலைநோக்கியாகச் சொல்வேன். மலிவான அக்ரோமாட் குழாயில் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி நீல ஒளிவட்டம் வரும், அதைப் பிறகு நீக்குவது தலைவலி. சட்டகத்தின் ஓரம்வரை நட்சத்திரம் கூர்மையாக இருக்க, குழாய்க்கென்றே செய்த ஃபீல்டு ஃப்ளாட்னரும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சின்னக் குழாய்? 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை 400 மி.மீ. குழாயில் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கு இரண்டு ஆர்க்செகண்டுக்குச் சற்றுக் குறைவு. காற்றுமண்டலத்தின் அலைவு சாதாரண இரவுகளில் நட்சத்திரத்தை இரண்டு முதல் நான்கு ஆர்க்செகண்ட் வரை பரப்பிவிடும். ஆக வானம் தரும் கூர்மைக்கு இந்த அளவே போதும். மவுண்டின் பிழை ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருந்தால் நட்சத்திரம் வட்டமாகவே வரும். அதே பிழை 2000 மி.மீ. குழாயில் இரண்டு மூன்று பிக்சலாகப் பெருகிப் படத்தைக் கெடுக்கும். சின்னக் குழாய் மவுண்டின் குறைகளை மன்னிக்கும், காற்றையும் மன்னிக்கும். இரவில் எடுத்த ஃப்ரேம்களில் பத்தில் ஒன்பது தேறும் என்றால் அது இந்த மன்னிப்பினால்தான்.

சின்னக் குழாயால் பெரிய வேலை நடக்காது என்று யாராவது சொன்னால் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுங்கள். 2004 ஜனவரியில் அமெரிக்க அமெச்சூர் ஜே மெக்நீல், 76 மி.மீ. தொலைநோக்கியால் எடுத்த படத்தில், எம் 78க்கு அருகே புதிதாகப் பிரகாசித்த ஒரு நெபுலாவைக் கண்டார். அது இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 2022இல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி ஆகிய அமெச்சூர்கள், ஆந்த்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளியில் மட்டும் தெரியும் ஒரு நீண்ட வளைவைக் கண்டுபிடித்தார்கள். வானத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. அவர்கள் வைத்திருந்தது 106 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கி, சேர்த்த ஒளியோ நூறு மணிநேரத்துக்கும் மேல். விட்டத்தைவிட மணிநேரம் எதைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மவுண்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வகை எதிரில் நிற்கும். பழைய வார்ம் கியர் வகை கனமானது, எதிர்எடை வேண்டும், ஆனால் சுழற்சி சீரானது. தயாரிப்பாளர் சொல்லும் தாங்குதிறனில் பாதி, அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு எடையைத்தான் படம் எடுக்க ஏற்ற வேண்டும். புதிய ஹார்மோனிக் டிரைவ் வகை எதிர்எடை இல்லாமலே வேலை செய்யும். 2022இல் வந்த இசட்டபிள்யூஓ ஏஎம் 5 ஐந்து கிலோ எடையில் 13 கிலோவைத் தூக்கியது. இந்த வகையின் இயல்பான சுழற்சிப் பிழை பெரியது, அதனால் கைடிங் இல்லாமல் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கைடிங் என்றால் பக்கத்தில் ஒரு குட்டித் தொலைநோக்கியும் கேமராவும் ஒரு நட்சத்திரத்தை விடாமல் கண்காணித்து, அது நகர நகர மவுண்டுக்குத் திருத்தம் சொல்வது. பிஎச்டி 2 என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் சிறப்பாகச் செய்கிறது.

நிலையான இடம், மொட்டைமாடி அல்லது முற்றம் இருப்பவருக்கு வார்ம் கியர் மவுண்ட் போதும். ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றிப் போகிறவர், முதுகுவலி உள்ளவர், மாடிப்படி ஏறவேண்டியவர் ஹார்மோனிக்கையே வாங்குங்கள். தூக்கச் சலிப்பாக இருக்கும் மவுண்ட் அலமாரியில்தான் இருக்கும். அலமாரியில் இருக்கும் மவுண்ட் சேர்க்கும் மணிநேரம் பூஜ்யம்.

பெரிய குழாய்கள்

150 அல்லது 200 மி.மீ. நியூட்டோனியன், எஃப் 5 வேகத்தில் (குவியத் தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு), ஒளி சேர்ப்பதில் 80 மி.மீ. குழாயை எளிதாக மிஞ்சும். டம்பெல் நெபுலா எம் 27, டிரிஃபிட் நெபுலா எம் 20 போன்ற நடுத்தர அளவு நெபுலாக்கள் 750 முதல் 1000 மி.மீ. குவியத் தூரத்தில் அழகாக அமரும். இதற்கு விலையாக அடிக்கடி ஆடிகளை ஒரே நேர்க்கோட்டில் சரிசெய்ய வேண்டும், ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைப்பதைத் திருத்தும் கோமா கரெக்டர் வேண்டும், கனமான மவுண்ட் வேண்டும், காற்றில்லாத இரவு வேண்டும். கடைசி நிபந்தனை உங்கள் கையில் இல்லை.

8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் குழாயின் குவியத் தூரம் 2032 மி.மீ., வேகம் எஃப் 10. மோதிர நெபுலாவும் தொலைதூர காலக்ஸிகளும் உங்கள் காதல் என்றால் வாங்கலாம். பரந்த நெபுலாக்களுக்காக முதல் கருவியாக இதை வாங்காதீர்கள்.

ஸ்மார்ட் டெலஸ்கோப்

குழாய், கேமரா, மவுண்ட், கணினி எல்லாம் ஒரே பெட்டியில் அடைத்த கருவிகள் இவை. 2023இல் வந்த சீஸ்டார் எஸ் 50ஐ எடுத்துக்கொள்வோம்: 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே இரட்டைப் பட்டை ஃபில்டர் (இரண்டு குறுகிய நிற ஒளிகளை மட்டும் விடுவது). தரையில் வைத்து, கைபேசியில் பொருளின் பெயரைத் தொட்டால் தானே வானத்தை அடையாளம் கண்டு, குறிவைத்து, ஃபோகஸ் செய்து, அடுக்கியும் காட்டுகிறது.

பழைய கைகள் சிலர் இதை ஒதுக்கிப் பேசுவார்கள். என்னால் அப்படிப் பேச முடியவில்லை. என் அளவுகோலை நேர்மையாக வைத்தால் இது மிக உயரத்தில் வந்து நிற்கிறது. கருவியை வெளியே வைத்த ஐந்தாவது நிமிடம் ஒளி சேரத் தொடங்குகிறது. முழு அமைப்பைப் பூட்டி, துருவம் பார்த்து, கைடிங் சரிசெய்ய எனக்கு ஒரு மணிநேரம் போகும். மேகம் விலகி இரண்டே மணிநேரம் கிடைக்கும் இரவுகளில் அந்த ஒரு மணிநேரம் பெரிய இழப்பு. வேலைநாட்களில் தூங்கியாகவேண்டியவர்களுக்கும், குழந்தைகளோடு வானம் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், கனம் தூக்க முடியாதவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் எல்லைகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சட்டகம் ஏறத்தாழ 0.7க்கு 1.3 டிகிரி, ரோசெட் விளிம்போடு விளிம்பாக முட்டும், வட அமெரிக்கா நெபுலாவுக்குத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் மொசைக் முறைதான் வழி. இவை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் வகை என்பதால், சட்டகத்துக்குள் வானம் மெல்லச் சுழலும். அதனால்தான் 10, 20, 30 வினாடி ஃப்ரேம்கள். இந்தச் சுழற்சி தலைக்கு நேர்மேலே மிக அதிகம், நேர்கிழக்கிலும் நேர்மேற்கிலும் மிகக் குறைவு. பொருளை அந்தத் திசைகளில் பிடித்தால் வீணாகும் ஃப்ரேம்கள் குறையும். கருவியையே சாய்த்து வைத்து ஈக்வடோரியலாக, அதாவது பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும்படி, இயக்கும் வசதியும் பின்னர் மென்பொருளில் வந்தது. லென்ஸையோ சென்சாரையோ மாற்றி வளர முடியாது என்பதே மிகப் பெரிய குறை. வாங்கினால், கைபேசியில் வரும் படத்தோடு நின்றுவிடாமல் தனித்தனி ஃப்ரேம்களையும் சேமிக்கச் சொல்லி, சிரில் போன்ற இலவச மென்பொருளில் நீங்களே அடுக்கிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

கேமரா

சிவப்பு நெபுலாக்களின் சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற 656.3 நானோமீட்டர் ஒளியிலிருந்து வருகிறது. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், தோல் நிறம் இயல்பாகத் தெரிவதற்காக அந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நீங்கள் சிரமப்பட்டுச் சேர்த்த நான்கு மணிநேரம் ஒரு மணிநேரமாகச் சுருங்குவதுபோல. அந்த ஃபில்டரை மாற்றித்தர ஆட்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர்களே வானியலுக்கென்று கேனன் 60டிஏ, நிகான் டி810ஏ, கேனன் ஈஓஎஸ் ஆர்ஏ போன்றவற்றை வெளியிட்டதும் உண்டு. எம் 42, லகூன் நெபுலா எம் 8 போன்ற பிரகாசமானவற்றை மாற்றாத கேமராவே எடுத்துவிடும். ரோசெட், கலிஃபோர்னியா, வட அமெரிக்கா என்று போகும்போதுதான் அது கையை விரிக்கும்.

குளிரூட்டும் வானியல் கேமரா அடுத்த படி. சென்சாரின் வெப்ப இரைச்சலுக்குக் காரணமான இருள் மின்னோட்டம், ஏறத்தாழ ஆறு டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் இருமடங்காகும். வெதுவெதுப்பான இரவில் 35 டிகிரியில் வேலை செய்யும் கேமராவையும், மைனஸ் 10இல் வைத்த கேமராவையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நூறு மடங்கைத் தாண்டும். இரவுகள் வெப்பமாக இருக்கும் இடங்களில் இந்தச் செலவு முழுவதும் படத்தில் தெரியும்; உறைபனி இரவுகளில் எடுப்பவர் இதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

வண்ணமா, மோனோவா (கருப்பு வெள்ளையா)? மோனோ கேமராவில் ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர் போட்டுத் தனித்தனியாக எடுத்து, பிறகு நிறம் கொடுக்கிறோம். 1995இல் ஹபிள் எடுத்த, கழுகு நெபுலாவின் புகழ்பெற்ற தூண்களின் நிறங்கள் இந்த முறையில் வந்தவைதான். பலன் மிக நேர்த்தியானது. ஆனால் மூன்று ஃபில்டருக்கும் போதுமான நேரம் சேரும்வரை படம் முழுமையாகாது. நடுவில் மேகம் வந்தால் ஒரு நிறம் இல்லாமல் நிற்பீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வண்ணக் கேமராவே போதும்.

ஃபில்டர் வாங்குவதா, இருட்டைத் தேடிப் போவதா

இந்த முடிவைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதிக மணிநேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான்.

வானத்தின் பின்புல ஒளியை ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு எத்தனை மேக்னிட்யூட் (வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு) என்று அளக்கிறார்கள். எண் கூடினால் இருட்டு. பெருநகரின் நடுவே 18 இருக்கலாம், நல்ல நாட்டுப்புற வானில் 21.5. இடையிலுள்ள 3.5 மேக்னிட்யூட் என்பது பின்புல வெளிச்சத்தில் 25 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் எடுத்தால், இருட்டில் ஒரு மணிநேரத்தில் கிடைக்கும் தெளிவுக்கு நகரில் 25 மணிநேரம் வேண்டும். ஒரு முறை இருண்ட இடத்துக்குப் போய்வரும் பயணம் ஒரு முழு மாதத்தைக் கையில் கொடுக்கிறது.

ஆனால் நெபுலா எந்த வகை என்று பார்க்க வேண்டும். ரோசெட், வெயில், லகூன் போன்ற உமிழ்வு நெபுலாக்கள் தங்கள் ஒளியைச் சில குறுகிய அலைநீளங்களில் குவித்து அனுப்புகின்றன: 656.3இல் ஹைட்ரஜன், 500.7இல் ஆக்சிஜன். இந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் இரட்டைப் பட்டை ஃபில்டர், நகரத்து வெளிச்சத்தின் பெரும்பகுதியையும் நிலவொளியையும் வெளியே நிறுத்திவிடும். மொட்டைமாடியிலிருந்து ரோசெட் கிடைப்பது இதனால்தான். நான் நிலவு நாட்களையும் வீணாக்காமல் இருக்கிறேன் என்றால் அதற்கு இந்த ஒரு கண்ணாடித் துண்டுதான் காரணம்.

பிரதிபலிப்பு நெபுலாக்களின் கதை வேறு. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகை, எம் 78, இவையெல்லாம் நட்சத்திர ஒளியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. அந்த ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருக்கிறது. குறும்பட்டை ஃபில்டர் போட்டால் நெபுலாவையே தடுத்துவிடும். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளை மட்டும் வடிகட்டிய அந்தக்கால ஃபில்டர்களும், எல்இடி விளக்குகளின் அகன்ற ஒளிக்கு முன் பெரிய பலன் தருவதில்லை. கார்த்திகையின் நீலம் வேண்டுமென்றால் இருட்டைத் தேடித்தான் போக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. பயணம் போக முடிகிறவர் டிராக்கரையும் லென்ஸையும் தேர்ந்தெடுப்பதும், போக முடியாதவர் நிலையான மவுண்டையும் இரட்டைப் பட்டை ஃபில்டரையும் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எம் 42க்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். அதன் மையத்தில் டிரபீசியம் எனப்படும் நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. மூன்று நிமிட ஃப்ரேமில் அந்த இடம் வெள்ளையாக வெந்துவிடும். ஐந்து பத்து வினாடி ஃப்ரேம்களைத் தனியாக எடுத்து, மையத்தை அவற்றிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும்.

முதல் பருவத்தில் பத்து நெபுலாக்களைத் துரத்தாமல், ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கைந்து இரவுகள் அதன் மேலேயே நில்லுங்கள். ஒவ்வொரு இரவின் ஃப்ரேம்களையும், அந்த இரவுக்குரிய ஃப்ளாட் ஃப்ரேம்களோடு (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்த ஃப்ரேம்கள்), தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். படம் முடிந்துவிட்டது என்று அவற்றை அழிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அந்த நெபுலா அதே இடத்துக்கு வரும். அன்று சேர்க்கும் மணிநேரங்களை இந்த ஆண்டு மணிநேரங்களின் மேலேயே அடுக்கலாம்.